தெளிந்த தண்ணீரில் டைபாய்டு வருமா? 1839இல் ஒரு கிராமத்து டாக்டர் கண்டது

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும் டாக்டர். ஒரு வாடை கிடையாது. அப்புறம் எப்படி டைபாய்டு வரும்?"

அண்மையில் இதை என்னிடம் கேட்ட குடும்பத்தில் முதலில் படுத்தது மூத்த பையன். விடுதியிலிருந்து காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தான். அம்மா கூடவே இருந்து துடைத்துவிட்டு, துணி மாற்றி, அப்படியே அடுப்படிக்கும் போய் வந்தார். சில வாரங்களில் அம்மாவுக்குக் காய்ச்சல், அடுத்து தங்கைக்கு. மூவருக்கும் ப்ளட் கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) அதே டைபாய்டுக் கிருமி. ஆனால் வீட்டார் எல்லோரும் கை காட்டியது தெருவில் நாறும் குப்பையை! இப்படி ஒரு குடும்பம் வந்தால் பொறுமையாகச் சொல்லலாம். வருகிற குடும்பமெல்லாம் இதையே சொல்லும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாற்றம் நோயைத் தராது. இதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கிராமத்து டாக்டர் காட்டிவிட்டார். அவர் பெயர் வில்லியம் பட். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் நார்த் டாட்டன் என்ற சின்ன ஊரில் 1811இல் பிறந்தவர். அப்பா சாமுவேல் அந்த ஊர் டாக்டர். பிள்ளைகளில் பலர் அப்பாவின் தொழிலுக்கே வந்தார்கள். ஈரல் நோய் படித்த மருத்துவர்களுக்கு 'பட்–கியாரி' என்ற பெயர் தெரிந்திருக்கும். அந்த ஜார்ஜ் பட் வில்லியமின் அண்ணன். வில்லியம் பாரிஸிலும் எடின்பரோவிலும் படித்தார். கடலோடிகளுக்கான ட்ரெட்நாட் மருத்துவமனைக் கப்பலில் வேலை பார்த்தபோது டைபாய்டு வந்து பிழைத்தார். பிறகு ஊருக்குத் திரும்பி வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

1839 ஜூலை 11 அன்று நெருக்கடியான ஓர் ஏழை வீட்டில் முதல் காய்ச்சல். நவம்பர் பிறப்பதற்குள் அவர் கையில் மட்டும் 80க்கு மேற்பட்ட நோயாளிகள். பெரிய நகரத்து மருத்துவர்களுக்கு இல்லாத ஒரு வசதி அவருக்கு இருந்தது. பிறந்து வளர்ந்த ஊர் என்பதால் எல்லோரையும் தெரியும். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவரிடம்தான் வர வேண்டும். அதனால் யார் யாரைப் பார்க்கப் போனார், எத்தனை நாள் கழித்துப் படுத்தார் என்று அவரால் ஒவ்வொன்றாகக் கோக்க முடிந்தது.

அந்த ஊரில் தங்கியிருந்த மரம் அறுக்கும் தொழிலாளிகள் இருவர் காய்ச்சலோடு மோர்ச்சர்ட் என்ற தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். ஒருவர் இறந்து சில நாட்களில் அவர் பிள்ளைகள் இருவரும் படுத்தார்கள். இன்னொருவரைப் பார்க்க வந்த நண்பர், படுக்கையில் அவரைத் தூக்கி உட்கார வைக்க உதவியவர், பத்தாம் நாள் காய்ச்சலில் விழுந்தார். மூன்றாவதாக ஒரு பெண் உடம்பு முடியாமல் சாஃப்கூம் என்ற இடத்திலிருந்த சகோதரன் வீட்டுக்குப் போனார். அவர் தேறினார். அந்த வீட்டில் சகோதரனின் மனைவி இறந்துபோனார். அங்கிருந்தும் நோய் பரவியது. என் நோயாளிகளின் வீடுகளில் இன்று நடப்பதும் இதேதான்.

அந்தக் காலத்துப் பெரிய மருத்துவர்கள் அழுகிய கழிவின் கெட்ட காற்றுதான் காய்ச்சலை உண்டாக்குகிறது என்று நம்பினார்கள். லண்டனில் சார்ல்ஸ் மர்ச்சிசன் அதற்கென்று ஒரு பெயரே சூட்டினார். வில்லியம் தன் ஊரைக் காட்டி மறுத்தார். நார்த் டாட்டனில் திறந்த சாக்கடையும் எருக்குழியும் பன்றித் தொழுவமும் காலங்காலமாக இருந்தன. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆனால் காய்ச்சல் இல்லை. நோயாளி ஒருவரின் மலம் அதே சாக்கடையில் கலந்த பிறகுதான் ஊர் படுத்தது. 1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் நாடாளுமன்றமே திணறியது. பெரும் காய்ச்சல் வரப்போகிறது என்று எல்லோரும் பயந்தார்கள். வரவில்லை. இதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

இதன் மறுபக்கம்தான் நமக்கு முக்கியம். நாற்றம் இருந்தும் நோய் வராமல் இருக்கலாம் என்றால், நாற்றமே இல்லாமலும் நோய் வரலாம். டைபாய்டுக் கிருமி மனித உடலில் மட்டும் வாழ்வது. குப்பையிலோ வெயிலிலோ அது பிறப்பதில்லை. "உடம்புச் சூடு" டைபாய்டைத் தராது. எங்கோ ஒருவரின் மலத்திலிருந்து இன்னொருவரின் வாய்க்கு வந்தால் மட்டுமே வரும். அதற்குத் தேவையான அளவு கிருமி ஒரு டம்ளர் தண்ணீரில் இருந்தாலும் தண்ணீர் கலங்காது, நிறம் மாறாது, மணக்காது, ருசியும் மாறாது. கிணற்றுக்கும் கழிவுத் தொட்டிக்கும் இடையே ஒரு விரிசல் போதும். கண்ணாலும் மூக்காலும் தண்ணீரைச் சோதிக்காதீர்கள். துணியில் வடிகட்டிவிட்டோம் என்றும் சொல்லாதீர்கள்.

தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது ஆக வேண்டும். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். கையை விட்டு மொள்ளாதீர்கள்.

வில்லியம் சொன்ன வழி எளிமையானது: நோயாளியின் மலம் வெளியே போகும் முன்பே அதில் கிருமிநாசினி கலக்க வேண்டும், துணியைக் கொதிக்க வைக்க வேண்டும், பார்த்துக்கொள்பவர் கை கழுவ வேண்டும். பின்னர் பிரிஸ்டலில் பணியாற்றியபோது இதே கொள்கையைக் காலராவுக்கும் வைத்தார். 1849இல் அங்கே ஏறத்தாழ 2,000 பேரைக் கொன்ற காலரா, 1866இல் 29 பேரோடு நின்றது. 1873இல் டைபாய்டு பற்றிய நூலை வெளியிட்டார். 1880 ஜனவரியில் இறந்தார். கிருமியை நுண்ணோக்கியில் முதலில் பார்த்து எழுதியதும் அதே ஆண்டில்தான்.

இப்போது கெஞ்சிக் கேட்கிறேன். நோயாளியைக் கவனிப்பவரும் சமைப்பவரும் ஒருவராக இருக்க வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால், ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அடுப்படிக்குள் நுழையாதீர்கள். கழிப்பறைக் குழாய்ப்பிடி, வாளி, குவளை எல்லாவற்றையும் ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள்.

வைடால் என்ற ரத்தப் பரிசோதனையின் ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து டைபாய்டு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வேறு காய்ச்சலிலும் அது பாசிடிவ் காட்டும். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ப்ளட் கல்ச்சர் எடுங்கள், முதல் வாரத்திலேயே வந்தால் கிருமி பிடிபட வாய்ப்பு அதிகம். (கல்ச்சரும் எல்லோருக்கும் பிடிபடாது. அதை வைத்து எங்களோடு சண்டை போடாதீர்கள்.) மருந்து தொடங்கிய மறுநாளே காய்ச்சல் விடவில்லை என்று டாக்டரை மாற்றுகிறீர்கள். விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறீர்கள். காய்ச்சல் தணிய சில நாள் ஆகும். மாத்திரையைச் சொன்ன நாள் வரை முழுதாகச் சாப்பிடுங்கள். கடும் வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், பிதற்றல் என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம்.

தடுப்பூசி இருக்கிறது. ஆறு மாதக் குழந்தைக்கே போடக்கூடியதும் உண்டு. போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் போட்ட பிறகும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

தேறியவர்களில் சிலருக்குக் கிருமி பித்தப்பையில் தங்கிவிடும். உடம்பு நன்றாகத்தான் இருக்கும், மலத்தில் மட்டும் கிருமி வந்துகொண்டே இருக்கும். உங்கள் வீட்டிலோ உணவகத்திலோ பள்ளியிலோ சமைப்பவருக்கு டைபாய்டு வந்து போயிருந்தால், மருந்து முடிந்ததும் மலப் பரிசோதனை செய்யாமல் அடுப்பருகே திரும்ப விடாதீர்கள். ஒரு தடவை சோதித்தால் போதாது, எத்தனை முறை என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அந்த நாட்களுக்கு அவருக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் மறைத்துவிட்டு வேலைக்கு வந்துவிடுவார்.