சீனி இல்லை, சரி; அமிலம்?

"எல்லாமே கோசோங்தான் (சீனி இல்லாமல்தான்) குடிக்கிறேன் டாக்டர், அப்புறம் ஏன் பல் கூசுது?" சிங்கப்பூரில் பல் மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் உடம்பில் அக்கறை உள்ளவர்கள். கோப்பிக்கடையில் சீனி வேண்டாம் என்பார்கள், போத்தலைத் திருப்பி எழுத்தைப் படிப்பார்கள். வாயைத் திறந்தால் சொத்தை ஒன்றும் இருக்காது. ஆனால் மேல்வரிசை முன்பற்கள் வழுவழுவென்று மழுங்கியிருக்கும்; விளிம்பு மெலிந்து, வெளிச்சம் ஊடுருவித் தெரியும். கடைவாய்ப் பல்லின் மேடுகளில் சின்னச் சின்னக் குழிகள், அவற்றின் அடியில் மஞ்சளாக டென்டின், அதாவது பல்லின் உள்ளடுக்கு. இதற்குப் பெயர் அமில அரிப்பு. கிருமிக்கு இதில் பங்கு இல்லை.

2022 டிசம்பர் இறுதியிலிருந்து இங்கே பான போத்தல்களில் நியூட்ரி-கிரேட் எழுத்துகள் வந்துவிட்டன. நல்ல திட்டம், நான் அதன் ஆதரவாளன். ஆனால் ஏ முதல் டி வரையிலான அந்த எழுத்துகள் சீனியையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்துத் தரப்படுபவை. அமிலம் அந்தக் கணக்கிலேயே இல்லை. செயற்கை இனிப்பு சேர்த்த, சீனியே இல்லாத கோலாவுக்கு பி கிடைக்கும். ஆனால் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) அதில் ஏறக்குறைய 3. வழக்கமான கோலா 2.5 அளவில் இருக்கும். பல்லின் மேலுறையான எனாமலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

பிஎச் அளவுகோலை 1909இல் உருவாக்கியவர் சோரன்சன். கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்; நொதிகள் எந்த அமிலத்தன்மையில் நன்றாக வேலை செய்கின்றன என்று பார்க்கப்போய் அவருக்கு அது தேவைப்பட்டது. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று பள்ளியில் படித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மறந்துபோவது இன்னொன்று: ஒவ்வோர் எண் இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. 5.5க்கும் 2.5க்கும் இடையே இருப்பது மூன்று எண்கள், அதாவது ஆயிரம் மடங்கு.

5.5 என்பதைச் சும்மா எடுக்கவில்லை. எனாமல் பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு படிகம். நம் எச்சிலிலும் இந்த இரண்டும் கரைந்து நிறைந்திருப்பதால் சாதாரண நேரத்தில் பல் கரைவதில்லை. வாயின் பிஎச் ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால், அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் பாஸ்பேட்டைப் பிடித்து இழுக்கத் தொடங்குகின்றன, படிகம் தளர்கிறது. வேர்ப்பகுதி இன்னும் மென்மையானது, 6.5ஐ ஒட்டியே கரையத் தொடங்கும். வயதாகி ஈறு இறங்கியவர்களுக்கு அதனால்தான் ஈறை ஒட்டிய பல்லின் கழுத்துப்பகுதியில் முதலில் கூச்சம் வருகிறது.

சொத்தையிலும் அமிலம்தான் குற்றவாளி. அங்கே கிருமிகள் சீனியைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. இங்கே அமிலத்தை நாமே ஊற்றிக்கொள்கிறோம்.

பிஎச் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. தயிர் 4.5க்கு அருகே, கணக்குப்படி பல்லைக் கரைக்க வேண்டும். கரைப்பதில்லை. அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏராளம், பல்லிலிருந்து இழுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. எனவே தயிர்சாதத்தின் மேல் யாரும் சந்தேகப்பட வேண்டாம். ரசமும் அப்படித்தான், புளி போட்டதுதான் என்றாலும் சோற்றோடு கலந்து பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. பல்லுக்குத் தீங்கு செய்வது அமிலம் எவ்வளவு என்பதைவிட, எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பதுதான்.

நம் ஊர் வெயிலில் பிரச்சினையே அதுதான். ஒரு மடக்கு அமிலத்துக்குப் பிறகு வாய் பழைய நிலைக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த மடக்கு. உணவு விநியோகம் செய்யும் தம்பிமார்கள் ஐசோடோனிக் (உப்புச்சத்து சேர்த்த) பான போத்தலை வண்டியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு வாய் குடிக்கிறார்கள். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஐஸ் லெமன் டீ காலை பத்துக்குத் தொடங்கி மதியம்வரை மேசையில் இருக்கும். அந்தப் பல் அன்று முழுக்க 5.5க்குக் கீழேயே ஊறுகிறது. அதே பானத்தைச் சாப்பாட்டோடு ஒரேயடியாகக் குடித்து முடித்திருந்தால் பாதிப்பு எவ்வளவோ குறைவு.

அடுத்தது காலை எலுமிச்சைத் தண்ணீர். எலுமிச்சை உடம்புக்குள் போனதும் காரமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சிட்ரிக் அமிலம் வளர்சிதை மாற்றத்தில் எரிந்தபின் சிறுநீரின் காரத்தன்மை சற்றுக் கூடலாம், அது உண்மை. இரத்தத்தை அது அசைக்காது. இரத்தத்தின் பிஎச் அளவை 7.35க்கும் 7.45க்கும் நடுவே வைத்திருப்பது பைகார்பனேட்டும் நுரையீரலும் சிறுநீரகமும். காசு கொடுத்து வாங்கும் காரத் தண்ணீராலும் அதை நகர்த்த முடியாது. உள்ளே போய் எதுவாக மாறினாலும் சரி, எலுமிச்சைச் சாறு பல்லைக் கடக்கும்போது பிஎச் 2 சொச்சம்தான். தண்ணீர் கலந்தால் கொஞ்சம் ஏறும், ஆபத்தான எல்லையைத் தாண்டும் அளவுக்கு அல்ல. ஆசாம்போய் (உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பழம்) போட்ட லைம் ஜூஸுக்கும் இதே கதி.

தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதை வைத்தே அமிலம் வந்த வழியை ஊகிக்கலாம். முன்பற்களின் முகப்பில் என்றால் பானம். மேல்வரிசைப் பற்களின் உள்பக்கத்தில், அண்ணத்தை ஒட்டி என்றால், கீழிருந்து வருகிறது: இரைப்பை அமிலம், பிஎச் 1 முதல் 3. நெஞ்செரிச்சலே உணராத சிலருக்கும் இரவில் அது மேலேறி வரும். அந்த அடையாளத்தைக் கண்டால் பல்லை அடைப்பதோடு நிறுத்தாமல் பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) குடும்ப மருத்துவரிடமோ அனுப்புகிறேன். மசக்கையில் வாந்தி எடுக்கும் பெண்களுக்கும் இதே அமிலம்தான். வாந்தி எடுத்த கையோடு பிரஷ்ஷைத் தேடாதீர்கள். அமிலத்தில் ஊறி இளகிய எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடுவீர்கள். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். அரை மணி நேரமாவது கழித்துப் பல் தேய்க்கலாம்.

எச்சில் நன்றாக ஊறுபவர்களுக்கு இதையெல்லாம் தாங்கும் சக்தி உண்டு. எச்சிலில் இருக்கும் பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கிறது, அதிலுள்ள கால்சியம், தளர்ந்த இடத்தை ஓரளவு சரிக்கட்டுகிறது. ஆனால் ஒவ்வாமை மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, சில இரத்த அழுத்த மாத்திரைகள் வாயை வறள வைக்கும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டாலும் வறளும். தூக்கத்தில் எல்லோருக்கும் எச்சில் மிகக் குறைவு. படுக்கப்போகும் முன் ஒரு கோலா, வாய் வறளும் மாத்திரை, அப்படியே தூக்கம் என்றால் பல்லுக்குத் துணை எதுவும் இல்லை. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். "பல்லுக்கும் பிரஷருக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் உண்டு, கேட்கட்டும்.

எச்சிலை ஊறவைக்க எளிய வழி, சாப்பிட்ட பிறகு சீனியில்லாத சூயிங்கம் மெல்வது. சிங்கப்பூரில் எங்கே போக என்று சிரிக்காதீர்கள். சூயிங்கத்துக்கு 1992இல் வந்த தடை 2004இல் மருத்துவப் பயனுள்ள வகைக்கு மட்டும் தளர்த்தப்பட்டது. பல்லுக்கான சூயிங்கமும் அதில் சேர்த்தி. மளிகைக் கடையில் தேடினால் கிடைக்காது, மருந்தாளரிடமோ பல் மருத்துவரிடமோதான் கேட்டு வாங்க வேண்டும்.