கம்பியை மூடுவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும்

கட்டுமானத்தில் தரம் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இன்று செய்த வேலையை நாளைய வேலை மூடிவிடும். கம்பியைக் கான்கிரீட் மூடும், கான்கிரீட்டைப் பூச்சு மூடும், பைப்பை டைல்ஸ் மூடும். மூடிய பிறகு "சரியாகத்தான் கட்டினோம்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதனால்தான் எங்கள் தொழிலில் ஒரு பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் அது எப்போது எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது நிறைய சைட்டுகளில் செக்லிஸ்ட் மொபைல் ஆப்புக்கு வந்துவிட்டது. வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் நான் அடிக்கடி பார்ப்பது வேறு. ரூஃப் கான்கிரீட் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடும். கம்பியைச் சரிபார்த்ததற்கான படிவம் அன்று மாலை சைட் ஆபீசில் உட்கார்ந்து நிரப்பப்படும். எல்லாக் கேள்விக்கும் 'ஆம்'. அந்த நேரத்தில் கம்பி கான்கிரீட்டுக்குள் போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும். இது தரக்கட்டுப்பாடு அல்ல. தலைமை அலுவலகத்துக்குப் பொய்யான நிம்மதியைக் கொடுப்பதால், பதிவே இல்லாமல் இருப்பதைவிட இது ஆபத்தானது.

ஹாங்காங்கில் இதற்குப் பெரிய விலை கொடுத்தார்கள். சாட்டின்–சென்ட்ரல் ரயில் பாதையின் ஹங் ஹோம் நிலையப் பணியில், கப்ளருக்குள் (இரண்டு கம்பிகளை இணைக்கும் மரை போட்ட குழல்) முழுசாக முறுக்க வேண்டிய கம்பியின் மரைப் பகுதியையே வெட்டிவிட்டார்கள் என்ற புகார் 2018இல் வெளியே வந்தது. விசாரணை ஆணையம் அமைத்தார்கள். கட்டி முடித்த கான்கிரீட்டை ஆங்காங்கே உடைத்துப் பார்த்தார்கள். தோண்டத் தோண்ட, சில பகுதிகளில் சோதனைக்கு அழைத்துக் கையெழுத்து வாங்கும் படிவங்களே ஏராளமாகக் காணோம் என்பது தெரிந்தது. 2020இல் அங்கே 30 கோடி ஹாங்காங் டாலருக்கு மேற்பட்ட அரசுப் பணிகளில் டிஜிட்டல் மேற்பார்வை முறையைக் கட்டாயமாக்கினார்கள். அழைத்தது யார், பார்த்தது யார், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அப்போதைக்கப்போதே பதிவாக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

நம்முடைய சைட்டுக்கு அவ்வளவு பெரிய மென்பொருள் தேவையில்லை. ஒரு போனும், அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்த ஆளும் போதும். கம்பி கட்டி முடித்ததும் படம் எடுக்கச் சொன்னால், தளம் முழுக்கத் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. டேப்பைக் கம்பி மேல் விரித்து வைத்து, மேலிருந்து நேராக எடுங்கள். 150 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 190 ஆகியிருந்தால் அப்போதுதான் தெரியும். குனிந்து, சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் கவர் பிளாக் (கம்பி பலகையைத் தொடாமல் இடைவெளி விடும் சின்னக் கட்டை) இருப்பது தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். பீமும் பில்லரும் சேரும் இடத்தில், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் நெருக்கமாக வந்திருக்கிறதா என்று இன்னொன்று. எந்த மாடி, எந்தப் பகுதி என்று எழுதிய சிலேட்டும் படத்துக்குள் இருக்க வேண்டும். அப்புறம், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தெளிவு குறைவதோடு, எடுத்த நேரம், இடம் பற்றிய உள்தகவலும் போய்விடும். 'டாகுமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

அடுத்தது ரெடிமிக்ஸ், அதாவது பிளான்ட்டில் கலந்து லாரியில் வரும் கான்கிரீட். பிளான்ட்டில் ஒவ்வொரு பேட்சிலும் சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் எவ்வளவு விழுந்தது என்று கம்ப்யூட்டரில் பதிவாகிறது. சலானோடு அந்த பேட்ச் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். ஆனால் அந்தத் துல்லியம் முழுவதையும் சைட்டில் ஒரு ஹோஸ் பைப் கெடுத்துவிடும். லாரி டிராஃபிக்கில் மாட்டி வந்திருக்கும், கலவை இறுகியிருக்கும், பம்ப் ஆபரேட்டர் "தண்ணி விடுங்க" என்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 கனமீட்டர் லாரி. கனமீட்டருக்கு 340 கிலோ சிமெண்ட், 153 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45. டிரம்முக்குள் 100 லிட்டர் விட்டால் அது 0.50 ஆகிவிடும். கடற்கரைச் சூழலில் உள்ள கம்பிக் கான்கிரீட்டுக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 அனுமதிக்கும் உச்ச அளவே 0.45தான். பேட்ச் ரிப்போர்ட்டில் இந்த 100 லிட்டர் ஒருநாளும் வராது. லாரி பக்கத்தில் நிற்கிற இன்ஜினியர் லாரி வந்த நேரத்தையும் ஸ்லம்பையும் (கலவை எவ்வளவு இளகலாக இருக்கிறது என்ற அளவு) அங்கேயே பதிந்தால்தான் உண்டு. இறுகியிருந்தால் ரெடிமிக்ஸ் கம்பெனியின் ஆள் அளவு பார்த்துக் கலவையை இளக்கும் கெமிக்கல் சேர்க்கட்டும், இல்லையென்றால் வண்டி திரும்பட்டும்.

அதே கலவையில் க்யூப் வார்த்து, லேபில் உடைத்துப் பலம் பார்ப்போம். அந்த க்யூப் ரிசல்ட்டைத் தனித்தனித் தாளாகப் பார்த்து ஃபைலில் போடுவது நம் பழக்கம். ஆறு மாத ரிசல்ட்டை எக்செல்லில் போட்டு ஒரு கிராஃப் வரையுங்கள். சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் பலம் வர வேண்டிய எம்25 கலவையில் நிஜ ரிசல்ட் 29, 34, 31, 28 என்று ஏறி இறங்கித்தான் வரும். 31.2, 31.4, 31.3 என்று கோடு கிழித்த மாதிரி வந்தால், அந்த க்யூபை யாராவது உடைத்தார்களா என்றே விசாரிக்க வேண்டும். உடைபடும் லோடை மெஷினிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் லேப் கிடைத்தால் அங்கேயே கொடுங்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. க்யூப் 28 நாள் தொட்டித் தண்ணீரில் கிடக்கிறது, தளம் மே மாத வெயிலில் கிடக்கிறது. கலவை நன்றாக இருந்ததா என்பதைத்தான் க்யூப் சொல்லும். ஃபிளை ஆஷ் போன்றவை கலந்த பிபிசி சிமெண்ட் போட்ட தளத்துக்குக் குறைந்தது 10 நாள் கியூரிங் வேண்டும், அதாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். தினமும் ஒரு படம், தேதியோடு.

இவ்வளவும் செய்து, குறை கண்டவருக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் இல்லை என்றால் பயனில்லை. கல்லூரி முடித்து வந்த இளம் இன்ஜினியர் கவர் பிளாக் இல்லை என்று பதிவு செய்கிறார். வெளியே பம்ப் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, மேஸ்திரி அவசரப்படுத்துகிறார், மேனேஜர் "இன்னிக்கு போட்டே ஆகணும்" என்கிறார். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஆப்பில் ஒப்புதல் வராமல் ரெடிமிக்ஸுக்கு ஆர்டரே போகக் கூடாது என்று நிறுவனம் விதி வைக்க வேண்டும். ஒப்புதல் தருபவர், தளம் முடிக்கும் தேதிக்குப் பொறுப்பானவராக இருக்கக் கூடாது. ஆப்புக்குச் செலவு செய்கிற முதலாளிகள் பலர் இந்த இரண்டையும் செய்யத் தயங்குகிறார்கள். எனக்கு இதில்தான் ஆதங்கம்.

வீடு வாங்குகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த 5 வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை இருப்பதாகத் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். நான்காவது வருடத்தில் விரிசல் விட்டால் காரணத்தைக் கண்டுபிடிக்கக் கம்பிப் படம், பேட்ச் ரிப்போர்ட், க்யூப் ரிசல்ட் எல்லாம் தேவைப்படும். சாவி வாங்கும் நாளில் போய்க் கேட்டால் கிடைக்காது. உங்கள் தளத்துக்கான இந்த மூன்றையும் கான்கிரீட் போட்ட மாதத்திலேயே தர வேண்டும் என்று ஒப்பந்தம் போடும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.