இன்டர்ன்ஷிப் எங்கே என்று கேட்டீர்களா?

பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம் செய்கிறவர் ஒருவர், போன மாதம் மகனோடு கடலூரில் என் கிளினிக்குக்கு வந்தார். சர்க்கரை மாத்திரையை எழுதி முடித்ததும் மஞ்சள் பையிலிருந்து ஒரு வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியின் விளம்பரத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"தம்பிய இங்க சேக்கலாம்னு இருக்கோம் சார். ஃபீஸ், ஹாஸ்டல், நம்ம சாப்பாடு எல்லாம் விசாரிச்சுட்டேன்."

"இன்டர்ன்ஷிப் எங்கன்னு கேட்டீங்களா?"

"அத நம்ம ஊர்லயே வந்து முடிச்சுக்கலாம்னு ஏஜென்ட் சொன்னாரு சார்."

நிலத்தை அடகு வைக்கத் தயாராக இருக்கும் குடும்பத்திடம் இப்படிச் சொல்வது பெரிய அநியாயம். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18 அன்று வெளியிட்ட விதிமுறை தெளிவாக இருக்கிறது. வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்வி நிறுவனத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப், அதாவது நோயாளிகளைப் பார்த்துக் கற்கும் மருத்துவமனைப் பயிற்சி. பயிற்சியின் எந்தப் பகுதியையும் இந்தியாவிலோ மூன்றாவது நாட்டிலோ செய்யக் கூடாது. திரும்பி வந்த பிறகு இங்கே இன்னொரு 12 மாத இன்டர்ன்ஷிப் தனியாக உண்டு. அந்த 12 வேறு, இந்த 12 வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழித்துக்கொள்ள முடியாது.

விதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு, கரும்புத் தோட்டத்தில் கண்ணாடி விரியன் கடித்த ஒருவரை இரவில் தூக்கி வந்தார்கள். வெளிநாட்டில் படித்து, அப்படிப் படித்தவர்கள் இங்கே டாக்டராவதற்கு எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வும் தேறி வந்த ஒரு தம்பி பணியில் இருந்தார். 300 கேள்விகளில் 150 எடுத்தால் தேர்ச்சி தரும் தேர்வு அது, நன்றாகவே எழுதியிருந்தார். விரியன் விஷம் ஏறினால் ரத்தம் உறையாமல் போகும்; அதனால் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கச் சொன்னேன். 2 மில்லி ரத்தத்தைக் காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். அவர் பிளாஸ்டிக் குழாயில் விட்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாய்த்தும் பார்த்தார். உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்பு. பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமே உறையாமல் நின்று நம்மை ஏமாற்றும். புதுக் குழாயில் மறுபடி வைத்தோம். "அங்க வார்டுல ஓரமா நின்னு பார்த்ததுதான் சார். கை வைக்க விட்டதில்ல" என்றார், கண் கலங்கி. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

ஏன் ஓரமாக நிற்கிறார்கள்? பெரும்பாலும் மொழிதான். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும்; நோயாளி ரஷ்ய மொழியிலோ ஜார்ஜிய மொழியிலோதான் பேசுவார். நம்மூர்ப் பாட்டி "நெஞ்சு கரிக்குது" என்றால் ஒன்று, "நெஞ்ச அடைக்குது" என்றால் வேறு, "நெஞ்சு படபடங்குது" என்றால் முற்றிலும் வேறு. அந்த ஊர்ப் பாட்டிக்கும் இப்படி மூன்று சொல் இருக்குமே! அது புரியாத மாணவனை எந்த டாக்டரும் நோயாளி பக்கத்தில் விடமாட்டார். ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் முதல் வருடத்திலேயே அந்த மொழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி வருடத்தில் அவசரமாகக் கற்றுக்கொண்டு சமாளிக்க முடியாது.

அந்த அப்பாவிடம் சில கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். 12 மாதமும் எந்த மருத்துவமனையில்? மருத்துவம், அறுவை, பிரசவம், குழந்தைகள் பிரிவுகளில் எத்தனை வாரம்? வெளிநாட்டு மாணவன் ஊசி போடலாமா, தையல் போடலாமா, பிரசவம் பார்க்கலாமா? படித்து முடித்தால் அந்த நாட்டிலேயே, அந்நாட்டுக் குடிமகனைப் போல, டாக்டராகப் பதிவு செய்ய முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியும் நம் விதிமுறையில் உள்ளதுதான்.

"ஏஜென்ட்ட கேக்கவா சார்?"

"காலேஜுக்கே தம்பிய மெயில் போடச் சொல்லுங்க. பதில் எழுத்துல வரட்டும். அதுவரைக்கும் அட்வான்ஸ் கட்டாதீங்க."