வானம் இல்லாத நீலம்: காப்ரியின் கடற்குகை

இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடா முகப்பில் உள்ள காப்ரி தீவைப் படகில் சுற்றி வந்தால் கண்ணுக்கு ஓய்வே கிடைக்காது. தென்கிழக்கில் ஃபராலியோனி பாறைகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுகின்றன. மிக உயரமானது நூறு மீட்டரைத் தாண்டுகிறது. நடுப்பாறையில் அலை குடைந்த வளைவுக்குள் படகே நுழைந்து வெளியேறும். இருந்தும், சுற்றுலாப் படகுகள் வரிசை கட்டிக் காத்திருப்பது வடமேற்குக் கரையில், ஒரு சிறிய துளைக்கு முன்னால்தான்.

அதுதான் நீலக் குகையின் வாசல். நீர்மட்டத்துக்கு மேல் சுமார் ஒரு மீட்டர் உயரம்தான் இருக்கும். துடுப்புப் படகில் எல்லோரும் மல்லாந்து படுத்துக்கொள்ள, படகோட்டி பாறையில் பொருத்திய சங்கிலியைப் பற்றி, அலை தாழும் நேரம் பார்த்து உள்ளே இழுத்துவிடுவார். உள்ளே சுமார் 60 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்ட பெரிய கூடம். கூரை இருண்டு கிடக்கிறது. ஒளி தண்ணீரிலிருந்து மேலே வருகிறது.

காரணம், குகைக்கு இரண்டு வாசல்கள். படகு நுழையும் துளைக்கு நேர் கீழே, நீருக்கடியில், அதைவிடப் பல மடங்கு பெரிய திறப்பு ஒன்று இருக்கிறது. வெளியே கடலுக்குள் இறங்கும் வெயில் அதன் வழியாகக் குகைக்குள் வருகிறது. உள்ளே சேரும் ஒளியில் பெரும்பகுதி பல மீட்டர் தண்ணீரைக் கடந்தே வந்தாக வேண்டும். அந்தப் பயணத்தில்தான் நிறம் பிரிகிறது.

நீர் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பிணைந்திருக்கும் பிணைப்பு ஓயாமல் அதிர்கிறது. அந்த அதிர்வு சிவப்பு ஒளியின் ஆற்றலில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு தம்ளர் தண்ணீரில் இது தெரியாது. மீட்டர் கணக்கில் கடந்தால்தான் தெரியும். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி 10 மீட்டர் தூய நீரைக் கடந்தால் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே மிஞ்சுகிறது. 450 நானோமீட்டர் நீல ஒளியிலோ தொண்ணூறு பங்கு தப்பி வருகிறது. ஹைட்ரஜனுக்குப் பதிலாக, அதைவிட எடை கூடிய டியூட்டீரியம் அமைந்த கனநீரில் அதிர்வு மெதுவாகி, ஒளியை விழுங்கும் இந்த உட்கவர்தல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அதனால் கனநீருக்கு இந்த நீலம் இல்லை. தண்ணீரின் நிறம் தண்ணீருக்கே சொந்தம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நீண்ட காலம் அறிவியலாளர்கள் அப்படி நினைக்கவில்லை. ஆழ்கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்றார் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு. 1921இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்த சி. வி. ராமனுக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த அந்த இயற்பியலாளர், நிக்கோல் பட்டகம் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம்) ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, கடல்பரப்பு பிரதிபலிக்கும் வான ஒளியை நீக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, மேலும் செறிவாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் நிறுவினார். சிவப்பு விழுங்கப்படுவதும் நீலம் சிதறுவதும் சேர்ந்துதான் கடலின் நிறம் என்பது இன்றைய விளக்கம். அந்தப் பயணத்தில் எழுந்த கேள்வியைத் தொடர்ந்த ஆய்வுகளே 1928இல், சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி அலைநீளம் மாறும் ராமன் விளைவுக்கும் 1930இல் நோபல் பரிசுக்கும் இட்டுச் சென்றன. ராமன் பட்டகத்தால் செய்ததைக் காப்ரியில் பாறைக்கூரை செய்கிறது: வானத்தை முழுவதும் மறைத்துவிட்டுக் கடலின் சொந்த நிறத்தை மட்டும் காட்டுகிறது.

இந்தக் காட்சிக்கு மத்தியதரைக் கடலும் துணை நிற்கிறது. ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக்கின் சத்துக் குறைந்த மேல்நீர் உள்ளே வர, சத்து மிகுந்த ஆழநீர் வெளியேறுகிறது. மிதக்கும் நுண்பாசிகள் குறைவு என்பதால் நீர் தெளிவாக இருக்கிறது. ஓதமும், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கமும், மிகச் சிறியது. பல மீட்டர் ஏறி இறங்கும் கடலாக இருந்தால் அந்தத் துளை தினமும் மூழ்கிப்போகும்.

படகோட்டி துடுப்பை நீரில் அமிழ்த்தினால் அது வெள்ளியாக மின்னும். ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய காற்றுக் குமிழிகளே காரணம். நீரிலிருந்து குமிழியின் மேல் சாய்வாகப் படும் ஒளி உள்ளே நுழையாமல் முழுவதும் திரும்பிவிடுகிறது. அதுதான் முழு அக எதிரொளிப்பு.

ரோமானியர்கள் இந்த இடத்தை அறிந்திருந்தார்கள். 1964இல் குகையின் அடியிலிருந்து கடல் தெய்வங்களின் சிலைகள் மீட்கப்பட்டன. பிற்காலத்தில் உள்ளூர் மக்கள் பேய்க்கு அஞ்சி ஒதுங்கியிருக்க, 1826இல் அவுகுஸ்ட் கோபிஷ் என்ற ஜெர்மானியர் உள்ளே நீந்திச் சென்று எழுதிய பிறகே உலகம் இங்கே வரத் தொடங்கியது.

போகிறவர்கள் வெயில் உச்சியில் நிற்கும் நண்பகலை ஒட்டிப் போவது நல்லது. காற்று வலுத்து அலை எழும் நாட்களில் வாசலை மூடிவிடுவார்கள். உள்ளே சில நிமிடங்கள்தான் விடுவார்கள்; வெளியே வெயிலில் கூசிய கண்கள் இருளுக்குப் பழகவே சில நிமிடங்கள் பிடிக்கும். எனவே வரிசையில் காத்திருக்கும்போதே கருப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, உள்ளே போனதும் கழற்றிவிடுங்கள். வாசலின் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் நீலம் முழு ஆழத்தோடு தெரியும்.