குவாட்ரட் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளைப் புல்வெளிக்குக் கூட்டிப்போய்ச் செடிகளை எண்ணச் சொல்லும்போது முதலில் காதில் விழுகிற சொல் 'குவாட்ரட்'. பாதிப் பேர் அதைக் கணக்குப் பாடத்தில் வரும் 'குவாட்ரன்ட்' என்று நினைத்துக்கொள்வார்கள். அது வட்டத்தின் கால் பாகம், இது வேறு.

பிவிசி குழாயிலோ மரத்திலோ செய்த, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம்தான் குவாட்ரட். அதைத் தரையில் வைத்து, உள்ளே என்னென்ன செடிகள், ஒவ்வொன்றும் எத்தனை என்று மண்டியிட்டு எண்ண வேண்டும். கொடைக்கானல் பக்கத்து மன்னவனூர்ப் புல்வெளி முழுவதையும் யாராலும் எண்ண முடியாது, அதனால் அங்கங்கே சின்னச் சின்ன இடங்களை எண்ணி முழு இடத்தையும் கணிக்கிறோம். புதர்களுக்கு 5 மீட்டர், சோலை எனப்படும் மலைக்காட்டின் மரங்களுக்கு 10 மீட்டர் என்று பெரிதாக எடுப்பார்கள். அந்த அளவுக்குச் சட்டமெல்லாம் தூக்கிப்போக முடியாது, கயிறும் நாலு முளைக்குச்சியும் போதும்.

சொல்லின் வேர் லத்தீன். நான்கைக் குறிக்கும் 'குவாட்டுவோர்', அதிலிருந்து சதுரமாக்கியதைக் குறிக்கும் 'குவாட்ராத்துஸ்'. அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோத்த காலத்தில், வரியில் வெற்றிடம் விட வைக்கும் எழுத்தில்லாத துண்டுக்கும் இதே பெயர் இருந்தது. செடி எண்ணும் வேலைக்கு இது வந்தது 1898இல். ராஸ்கோ பவுண்ட், ஃபிரடெரிக் கிளெமென்ட்ஸ் என்ற இருவர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளிகளில் சதுரம் சதுரமாக அளந்து எண்ணிப் பார்த்தார்கள். அதுவரை கண்ணால் பார்த்து 'இந்தச் செடி நிறைய, அது கொஞ்சம்' என்று எழுதிவந்தது எவ்வளவு தவறு என்று எண்ணிய பிறகுதான் தெரிந்தது. (பவுண்ட் பின்னாளில் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவரானார்.)

சரி, தமிழில்? 'சதுரம்' என்று சொல்லலாம், பிழையில்லை. அந்தச் சொல்லும் நான்கைக் குறிக்கும் வடமொழிச் 'சதுர்' வழியாக வந்ததுதான், லத்தீன் 'குவாட்டுவோ'ருக்கு அது தூரத்து உறவு. ஆனால் சதுரம் வெறும் வடிவத்தோடு நின்றுவிடுகிறது. என் ஓட்டு 'மாதிரிக் கட்டம்' என்பதற்கு. பாண்டி ஆட்டத்திலும் தாயத்திலும் சாதகத்திலும் நாம் கட்டம் என்றுதானே சொல்கிறோம், கோடு போட்டு எல்லை வகுத்த இடம். இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் கையில் இருக்கும் கருவியும் குவாட்ரட், அது அடைக்கும் நிலமும் குவாட்ரட். தமிழில் கருவியைச் 'சட்டம்' என்றும் நிலத்தைக் 'கட்டம்' என்றும் பிரித்துவிடலாம். சட்டத்தை எடுத்த பிறகும் கட்டம் அங்கேயே இருக்கும்.

சட்டத்தைத் தூக்கி எறிந்து விழுந்த இடத்தில் எண்ணும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். கை தானாகவே பூ இருக்கிற பக்கம் எறியும், முள் இருக்கிற பக்கம் எறியாது. இரண்டு அளவு நாடாக்களை எல் வடிவில் விரித்து, எண் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி எடுத்து, வந்த எண்கள் காட்டும் இடத்தில் வைத்தால் பாரபட்சம் இருக்காது. அப்புறம் கணக்கு. 10 கட்டங்களில் ஒரு செடி 4 கட்டங்களில் மட்டும் இருந்தது, மொத்தம் 20 செடிகள் என்றால் அடர்த்தி கட்டத்துக்கு 2, நிகழ்வு (அது இருந்த கட்டங்களின் பங்கு) 40 சதவீதம், மிகுதி 5 (20ஐ அது இருந்த 4 கட்டங்களால் மட்டும் வகுக்க வேண்டும்). மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் செடி பரவலாக இருக்கிறதா, ஒரே மூலையில் கூட்டமாக இருக்கிறதா என்று தெரியும். புல்லை மட்டும் ஒவ்வொன்றாக எண்ண முடியாது, எங்கே ஒரு தூர் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பிரிக்கவே வராது. அதற்குச் சட்டத்தில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு நூல் கட்டினால் 100 சிறு கட்டங்கள் கிடைக்கும். புல் மூடியவை எத்தனையோ அத்தனை சதவீதம்.

பழனி மலைப் பிள்ளைகளுக்கு இது தேர்வுக்கான பயிற்சி மட்டும் இல்லை. 1973க்கும் 2014க்கும் இடையில் இந்த மலையின் உயர்நிலப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது. மரத்தோட்டங்களும் விவசாயமும்தான் காரணம். புல்வெளியைத் தரிசு என்றே பார்த்துப் பழகிவிட்டதால் மரம் நட்டால் நல்லது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள், எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது. ஒரு கட்டத்துக்குள் எத்தனை வகைச் செடிகள் என்று தானே எண்ணிய பிள்ளை அப்படி நம்பாது.

தோட்டங்களில் நட்ட வெளிநாட்டுச் சீகை மரத்தை (ஆங்கிலத்தில் வாட்டில்) பொறுத்தவரை விஷயம் இன்னும் சிக்கல். புல்வெளிக்குள் அது நுழைந்தால் புல் அழிகிறது. ஆனால் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைத்து வருவதையும் இங்கே பார்த்திருக்கிறார்கள். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது? வாதாடுவதற்கு முன் தோப்பின் ஓரத்தில் சில கட்டங்கள், உள்ளே சில கட்டங்கள் போட்டு, சீகைக் கன்று எத்தனை, சோலைக் கன்று எத்தனை என்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளே எண்ணிவிடலாம். மூலைகளில் முளை அடித்து விட்டுவந்தால் அது 'நிலைக்கட்டம்', அடுத்த வருடம் வரும் வகுப்பு அதே இடத்தில் எண்ணலாம். வனத்துறை நிலமாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காட்டெருமை மேயும் பக்கம் கட்டம் போட வேண்டாம்.