சுகர்காரர்களின் ரத்தத்தில் அட்ரினோமெடுலின் ஏன் ஏறுகிறது?

ஃபியோகுரோமோசைட்டோமா என்று ஒரு கட்டி. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் வளரும், ரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும். 1993இல் ஜப்பானின் மியாசாகி மருத்துவக் கல்லூரியில் கசுவோ கிடாமுரா குழுவினர் அதை அலசியபோது, அதற்குள்ளிருந்து அழுத்தத்தை இறக்கும் பெப்டைடு ஒன்று கிடைத்தது! 52 அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சங்கிலிதான் அட்ரினோமெடுலின்.

பிறகு பார்த்தால், நம் ரத்தக்குழாய்ச் சுவர்களே இதை ஓயாமல் சுரக்கின்றன. சுமார் 22 நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும் என்பதால், பெரும்பாலும் அக்கம்பக்கத்துச் செல்களிடம்தான் இதற்கு வேலை. குழாயைச் சுற்றியுள்ள தசைச் செல்களில் சைக்ளிக் ஏஎம்பி என்ற, செல்லுக்குள் சேதி கடத்தும் மூலக்கூறைக் கூட்டுகிறது, தசை தளர்கிறது. குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் உள்படலச் செல்களை, தசையைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளியிட வைக்கிறது. குழாய் இன்னும் விரிகிறது. அந்த உள்படலத்தில் ஒழுக்கு விழாமலும் காக்கிறது. இதற்கான மரபணு அறவே இல்லாத எலிக்குஞ்சுகள் நீர் கோத்து வீங்கிக் கருவிலேயே இறந்துவிடுகின்றன.

சரி, சர்க்கரை நோயில்? குளுக்கோஸ் மிகுந்தாலும், திசுவுக்கு ஆக்சிஜன் குறைந்தாலும் சுரப்பு கூடுகிறது. சிறுநீரகமோ விழித்திரையோ கெட்ட நோயாளிகளிடம் அளவு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் கெடுத்ததே இதுதான் என்று முடிவுகட்டினால், பனைமரத்தடியில் பால் குடித்தவன் கதைதான். மரபணுவில் ஒரு பிரதியை மட்டும் இழந்த எலிகளுக்கு ரத்தக்குழாய்ச் சேதம் கூடுதலாகவே வந்தது. அதாவது, சேதத்தைச் சமாளிக்கத்தான் உடல் இதை அனுப்புகிறது.

ஆனால் முழுக்க நிரபராதி என்றும் விட முடியாது. ஆக்சிஜனுக்கு ஏங்கும் விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைக்க இது துணைபோகிறது. அந்த நோஞ்சான் குழாய்கள் கசிந்தும் உடைந்தும் பார்வையைக் கெடுக்கின்றன. 2025இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். உடல் பருத்த எலிகளில் மிகுந்துபோன அட்ரினோமெடுலின், உள்படலச் செல்களில் இன்சுலினின் சேதியை வாங்கும் ஏற்பியை மந்தமாக்குகிறது. தசைக்குப் போகும் ரத்தமும் இன்சுலினும் குறைகின்றன, சர்க்கரை ஏறுகிறது. உள்படலத்தில் மட்டும் இதன் ஏற்பியை நீக்கியதும் நிலைமை தேறியது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த 'மட்டும்'தான். உடல் முழுக்க இதை முடக்கினால், ஒழுக்கை அடைக்கும் வேலையும் நின்றுபோகும். எந்தத் திசுவில், நோயின் எந்தக் கட்டத்தில் தடுப்பது என்று தெரியாமல் இதற்கு மருந்து செய்ய முடியாது.