டி.சி. வாங்கிப் போன பிள்ளை எங்கே சேர்ந்தது?

கோடை விடுமுறைதான் எங்களுக்கு அலைச்சல் காலம். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருப்பதால், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்குத் தெருத்தெருவாகப் போவேன். பல வருஷம் அலைந்ததில் எனக்குப் பட்டது இது: படிக்கிற பள்ளியிலிருந்து நிற்பவர்களைவிட, ஒரு பள்ளியை முடித்து அடுத்த பள்ளிக்குப் போகும் வழியில் காணாமல் போகிறவர்கள் அதிகம்.

ஒரு வீட்டில் ஆயா மட்டும் இருந்தார். மகனும் மருமகளும் தை பிறந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். "பேரன் படிக்கிறானா ஆயா?" என்றேன். "எட்டு முடிச்சிட்டான் சாமி" என்று உள்ளே போனவர், ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து டி.சி.யை (மாற்றுச் சான்றிதழை) எடுத்து நீட்டினார். மடிப்பு கலையவில்லை. தேதி போன ஜூன் மாதத்தது. பையன் பந்தல் கடையில் கூலிக்குப் போகிறான். சாயங்காலம் வந்தான். உள்ளங்கையில் கயிறு அறுத்த காய்ப்பு. "டி.சி. கையிலதான சார் இருக்கு, எப்ப வேணா சேந்துக்கலாம்" என்றான்.

நடுநிலைப் பள்ளியின் பதிவேட்டில் அவன் தேர்ச்சி பெற்று, டி.சி. வாங்கிப் போனவன். உயர்நிலைப் பள்ளிக்கோ அப்படி ஒருவன் இருப்பதே தெரியாது. மாணவர் விவரங்களைப் பதிகிற எமிஸ் இணையதளத்தில், ஒரு பள்ளியை விட்டு இன்னொன்றில் சேராதவர்களுக்கான 'காமன் பூல்' என்கிற இடத்தில் பெயர் மட்டும் கிடக்கும். யார் மீதும் தப்பு சொல்ல முடியாது, அதுதான் சிக்கல்.

அரசு ஒன்றும் சும்மா இருக்கவில்லை. 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு எல்லாம் சின்ன வகுப்புகளில் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கின்றன. காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் நின்று பார்த்தால் தெரியும். ஆனால் ஒன்பதாம் வகுப்பைப் பாருங்கள். இலவசச் சீருடை எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கும். இடைநிற்றலைக் குறைக்கவென்றே கொண்டுவந்த ஊக்கத்தொகை (பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு முறையே 1,500, 1,500, 2,000 ரூபாய்) பத்தாம் வகுப்பிலிருந்துதான். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயோ கல்லூரிக்குப் போனபிறகு. பள்ளி தூரமாகிற வருஷத்தில் சைக்கிள் இல்லை. பஸ் பாஸ் உண்டு, நேரத்துக்கு பஸ் வர வேண்டுமே!

சட்டமும் அங்கேயே கைவிடுகிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 வயதுக்கு மேல் அபாயகரமான வேலைகளை மட்டுமே தடுக்கிறது. "வயசு பதினாலு முடிஞ்சிடுச்சு சார்" என்று பந்தல் கடைக்காரர் சொன்னபோது, விவரம் தெரிந்துதான் பேசுகிறார் என்று புரிந்தது.

சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லை என்று எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது. நடுவில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். யாராவது மறுத்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கு அழையுங்கள். பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பதோ, கல்யாணப் பேச்சு எடுப்பதோ தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

எங்கள் வட்டாரத்தில் ஒரு தலைமையாசிரியை எட்டாம் வகுப்பு டி.சி.யைப் பெற்றோரை மட்டும் நம்பிக் கொடுத்து அனுப்புவதில்லை. ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம், போக வேண்டிய பிள்ளைகளையும் வரக்கூடிய பெற்றோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போவார். சேர்க்கை எண் விழுந்த பிறகுதான் தன் நோட்டில் பெயருக்கு நேரே டிக் போடுவார். பந்தல் கடைப் பையனையும் நான் அந்த பஸ்ஸில்தான் ஏற்றிவிட்டேன். வயதில் இளையவர்களோடு உட்கார வெட்கப்பட்டு, கடைசி சீட்டில் தனியாக இருந்தான். நோட்டில் கடைசியாக அவன் பெயரையும் எழுதிக்கொண்டார்.